பாஸ்போர்ட்டுக்கு அடையாளச் சான்று

இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்ளே குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கிறது. இதனைக் கொண்டு வருபவரைத் தடையின்றிச் செல்ல விட வேண்டும், தேவையான உதவியும் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என்று பிற நாடுகளின் அதிகாரிகளை இந்திய அரசு அதில் கேட்டுக் கொள்கிறது. இவர் இன்னார், இன்ன நாளில் இன்ன ஊரில் பிறந்தவர், எமது நாட்டின் குடிமகன் என்று ஓர் அரசு மற்ற அரசுகளுக்கு அளிக்கும் உறுதிமொழியே பாஸ்போர்ட்டின் சாரமாகும். அந்த உறுதிமொழி சில இடங்களில் பொய்த்துப் போனாலும், அதே பாஸ்போர்ட்டைத் தாங்கிய நேர்மையான பயணிகள் அனைவரும் அயல்நாட்டு விமான நிலையங்களில் ஐயத்துடன் நோக்கப்படுவர். ஆகவே, பாஸ்போர்ட் வழங்கும் அதிகாரி விண்ணப்பதாரரின் அடையாளத்தைக் கூர்ந்து பார்ப்பது அவருடைய கடமையாகும்.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. பீகாரின் சிவான், கோபால்கஞ்ச், உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர், தெலங்கானாவின் ஜகித்யால், ராஜஸ்தானின் ஜுன்ஜுனு, கேரளத்தின் மலப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்து ஏராளமான தொழிலாளர்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்குப் பாஸ்போர்ட் என்பது உல்லாசப் பயணத்துக்கான சாதனமன்று; பிழைப்புக்கான வழி. வேலை தருவோர் குறிக்கும் நாளுக்குள் பாஸ்போர்ட் கிடைக்காவிடில் வேலை மற்றொருவருக்குச் சென்றுவிடும். பயணத்துக்காக வாங்கிய கடன் மட்டும் வட்டியுடன் நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் வாக்காளர் அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒரு பெயர் இத்தகைய இழப்புக்குக் காரணமாகி விடுவதுண்டு.

போலிகளைத் தடுக்க வேண்டும். உண்மையான குடிமகனைத் தடுத்துவிடக் கூடாது. இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றச் சட்டமும் விதிகளும் எவ்வாறு முயல்கின்றன, நடைமுறையில் இடர்ப்பாடு எங்கே தோன்றுகிறது என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நன்று.

தயவிலிருந்து உரிமைக்கு

முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பாஸ்போர்ட் இந்தியாவில் கட்டாயமாயிற்று. போருக்குப் பின் இயற்றப்பட்ட 1920-ஆம் ஆண்டின் சட்டம், பாஸ்போர்ட் இன்றி நாட்டிற்குள் நுழைவதைப் பற்றியே பேசியது. யாருக்குப் பாஸ்போர்ட் வழங்க வேண்டும், யாருக்கு மறுக்கலாம் என்பதை வரையறுக்கும் சட்டம் எதுவும் விடுதலைக்குப் பின்னரும் சுமார் 20 ஆண்டுக் காலம் இல்லை. வழங்குவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தவையாக இருந்தன.

இந்நிலை 1967-ஆம் ஆண்டில் மாறியது. சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அயல்நாடு செல்லும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும்; சட்டத்தின் துணையின்றி அதனை நிர்வாகம் மறுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் முடிவாகும். உடனே அவசரச் சட்டம் ஒன்று பிறப்பிக்கப்பட்டது. பின்னர் 1967 ஜூன் 24-ஆம் நாள் பாஸ்போர்ட் சட்டம் நிறைவேறியது. இன்றும் நடைமுறையில் இருப்பது, பல திருத்தங்களுடன், அந்தச் சட்டமே. விண்ணப்பம், ஆவணம், கட்டணம் முதலியவற்றை 1980-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் விதிகள் விளக்குகின்றன.

1977-ஆம் ஆண்டில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலம் கருதி ஒப்படைக்குமாறு உத்தரவிடப்பட்டது. அதற்கான காரணத்தைக் கூற அரசு மறுத்தது. அவர் தொடுத்த வழக்கில் 7 நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 1978 ஜனவரி 25-ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டத்தில் ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் மட்டும் போதாது. அந்த நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

அடையாளச் சான்று பற்றிய ஆய்வுக்கு இவ்விரு தீர்ப்புகளும் அடிப்படையாகும். விண்ணப்பதாரர் கோருவது சலுகையன்று, உரிமை. அந்த உரிமைக்கான வாயிலில் வைக்கப்படும் சோதனை நியாயமானதாக இருத்தல் வேண்டும்.

அதிகாரி விடை காண வேண்டிய கேள்விகள்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஏன் இத்தனை ஆவணங்கள் கேட்கப்படுகின்றன என்று பலர் சலித்துக் கொள்வதுண்டு. ஆவணங்கள் பலவாக இருப்பதற்குக் காரணம், அதிகாரி விடை காண வேண்டிய கேள்விகள் பலவாக இருப்பதே.

முதலாவது, வந்திருப்பவர் யார்? விண்ணப்பத்தில் உள்ள பெயருக்கு உரியவர்தாமா நேரில் நிற்பவர்? இரண்டாவது, அவர் எப்பொழுது, எங்கே பிறந்தார்? மூன்றாவது, அவர் இந்தியக் குடிமகனா? குடிமகன் அல்லாதவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 6-ஆவது பிரிவு கூறுகிறது. நான்காவது, அவர் இப்பொழுது எங்கே வசிக்கிறார்? காவல் துறையின் விசாரணை அந்த முகவரியில்தான் நடைபெறும். ஐந்தாவது, நிலுவையில் உள்ள குற்ற வழக்கு போன்ற சட்டத் தடை ஏதும் அவருக்கு உண்டா?

இவற்றுடன் கல்வித் தகுதி பற்றிய ஒரு கேள்வியும் தொழிலாளர்களைப் பொறுத்தவரை முக்கியமானதாகும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டியவருக்கு இந்நிபந்தனை இல்லை. சான்றிதழ் இருந்தும் அதனைக் காட்டத் தவறியவர் தேவையற்ற ஓர் அலைச்சலுக்கு உள்ளாகிறார்.

எந்த ஆவணம் எதனை மெய்ப்பிக்கும்?

ஓர் ஆவணம் எல்லாவற்றையும் மெய்ப்பிக்கும் என்று எண்ணுவதே பொதுவாகக் காணப்படும் தவறாகும். ஒவ்வோர் ஆவணமும் எந்த நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்திற்கே வலுவுள்ள சான்றாகிறது.

ஆதார் அட்டை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கைரேகையும் கருவிழிப் பதிவும் கொண்டிருப்பதால், வந்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு அது வலுவான விடை தருகிறது. முகவரிக்கும் சான்றாக ஏற்கப்படுகிறது. ஆனால் ஆதார், நாட்டில் வசிப்பவர் என்ற அடிப்படையில் வழங்கப்படுவது. ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 9-ஆவது பிரிவில் தெளிவாகவே கூறுகிறது. வருமான வரித் துறையின் பான் அட்டையும் அத்தகையதே. வரி செலுத்தும் அயல்நாட்டவரும் அதனைப் பெறலாம். வாக்காளர் அடையாள அட்டையின் நிலை சற்று வேறு. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவின்படி குடிமக்களுக்கே வாக்குரிமை உண்டு. எனவேதான், வயது வந்த இந்தியர் நேபாளத்திற்கு வாக்காளர் அட்டையுடன் சென்று வரலாம். 15 முதல் 65 வயது வரையுள்ளோருக்கு அதே பயணத்தில் ஆதார் அட்டை போதாது.

முகவரியைப் பொறுத்தவரை மின்கட்டண, குடிநீர்க் கட்டண ரசீதுகள், சமையல் எரிவாயு இணைப்புச் சான்று, புகைப்படத்துடன் கூடிய வங்கிக் கணக்குப் புத்தகம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் முதலியவற்றில் ஒன்று ஏற்கப்படுகிறது. வேலை தேடி வெளி மாநிலம் சென்றவர்களுக்கு இது முன்னர் பெரும் சுமையாக இருந்தது. விண்ணப்பதாரர் நாட்டின் எந்தப் பகுதியிலுள்ள பாஸ்போர்ட் அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற ஏற்பாடு 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எனினும் போலீஸ் விசாரணை விண்ணப்பத்தில் குறித்த முகவரியில்தான் நிகழும் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

குடியுரிமையும் பிறந்த நாளும்

இந்தியாவில் பிறந்த பெரும்பாலோருக்குக் குடியுரிமைச் சான்றிதழ் என்ற ஒன்று தனியே வழங்கப்படுவதில்லை. ஒருவர் எப்பொழுது, யாருக்குப் பிறந்தார் என்பதைக் கொண்டே அவரது குடியுரிமை நிர்ணயிக்கப்படுகிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இதனை மூன்று காலப் பகுதிகளாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26-ஆம் நாள் முதல் 1987 ஜூலை 1-ஆம் நாளுக்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்கள். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3-ஆம் நாளுக்கு முன் வரை பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்நாள் முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் கேட்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு பிறந்த தேதி ஒருவரின் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அண்மைக்கால வழக்குகள் சான்றாகும். இந்தியாவில் 1950-க்கும் 1987-க்கும் இடையே பிறந்த திபெத்தியர்கள் பாஸ்போர்ட்டுக்கு உரியவர்களே என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதனைப் பின்பற்றுமாறு அடுத்த ஆண்டில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் அலுவலகங்களுக்குப் பணித்தது. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்கு, 1986-ஆம் ஆண்டில் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டிருந்தது. அவர் 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவராதலால் குடிமகளே என்று கொண்டு, அவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. அவர் பிறந்த இடமும் நாளும் மட்டும் பதிவாகாமல் போயிருந்தால் அவரது வழக்கு எங்ஙனம் முடிந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

பிறப்புப் பதிவு என்னும் வேர்

அடையாள ஆவணங்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. பாஸ்போர்ட் அதிகாரி ஆதாரைப் பார்க்கிறார். ஆதார் எடுக்கையில் பள்ளிச் சான்றிதழ் காட்டப்பட்டிருக்கலாம். பள்ளியில் சேர்க்கும் நாளில் தந்தை வாய்மொழியாகச் சொன்ன தேதியை ஆசிரியர் எழுதியிருக்கலாம். இச்சங்கிலியின் முதற் கண்ணி பிறப்புப் பதிவாகும். அது இல்லாத பொழுது ஏனைய கண்ணிகள் யாவும் யூகத்தின் மேல் நிற்கின்றன.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. பிறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். தந்தவருக்குப் பதிவின் சான்று இலவசமாக வழங்கப்படும். மருத்துவமனையில் பிறந்த குழந்தை பற்றித் தகவல் தருவது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரின் கடமை. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் பதிய இயலாது. எனினும் சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் பதிவு முழுமை பெறவில்லை. 2005-06-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 41 சதவிகிதத்தினருக்கே பிறப்புப் பதிவு இருந்தது. இது 2015-16-இல் சுமார் 80 சதவிகிதமாகவும், 2019-21-இல் சுமார் 89 சதவிகிதமாகவும் உயர்ந்தது. முன்னேற்றம் பெரிது. ஆயினும் 2005-06-இல் குழந்தைகளாக இருந்தவர்களே இன்று கல்விக்கும் வேலைக்கும் பாஸ்போர்ட் கேட்டு வருகின்றனர் என்பதை மறத்தலாகாது.

விதிகளும் இந்த உண்மையை உணர்ந்தே மாறி வந்துள்ளன. 1989 ஜனவரி 26-ஆம் நாளன்றும் அதன் பின்னரும் பிறந்தோர் பிறப்புச் சான்றிதழைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2016 டிசம்பரில் இது தளர்த்தப்பட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் முதலியவற்றில் பிறந்த தேதி காணப்பட்டால், ஏதேனும் ஒன்று போதும் என்றாயிற்று. பின்னர், பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகள் திருத்தப்பட்டன. அந்நாளுக்கு முன் பிறந்தவர்கள் மற்ற ஆவணங்களையும் காட்டலாம்.

இத்திருத்தத்தின் பொருள் என்ன? பழைய தலைமுறைக்கு நெகிழ்ச்சி காட்டிய அரசு, புதிய தலைமுறைக்கு அதனை அளிக்கப் போவதில்லை. இன்று பதியப்படாத குழந்தை, அல்லது பெயர் பிழையுடன் பதியப்பட்ட குழந்தை, பின்னொரு நாளில் மாற்று ஆவணம் எதனையும் காட்ட இயலாது. ஆகவே, ஊராட்சியிலும் நகராட்சியிலும் பிறப்புப் பதிவேட்டை எழுதும் அலுவலர் வருங்காலப் பாஸ்போர்ட்டின் முதல் வரியை எழுதுகிறார் எனலாம். குழந்தைக்குப் பெயரிடும் முன்னரே பதிவு செய்துவிட்டுப் பெயரைப் பின்னர் சேர்க்க மறந்துவிடும் பெற்றோர் பலர். பெயரைச் சேர்க்க 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆயினும் பள்ளியில் சேர்க்கும் முன்பே அதனைச் செய்து முடிப்பது நன்று.

பெயரால் வரும் சிக்கல்

பாஸ்போர்ட் விண்ணப்பம், பெயர் என்றும் குடும்பப் பெயர் என்றும் இரு கட்டங்களைக் கொண்டது. இந்தியரின் பெயர் வழக்கங்களோ பலவாகும். பஞ்சாபில் சிங் என்றும் கௌர் என்றும் சேர்ப்பர். மகாராஷ்டிரத்தில் தன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையே தந்தை பெயரை வைப்பர். தமிழ்நாட்டிலோ தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னே நிற்கும். அந்த முதலெழுத்தைப் பாஸ்போர்ட்டில் விரித்தே எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயரும், வங்கிப் புத்தகத்தில் எதுவும் இல்லாமலும் இருப்பின், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை விளக்க வேண்டிய சுமை விண்ணப்பதாரர் மேல் விழுகிறது.

மற்றொரு சிக்கல் எழுத்துப் பெயர்ப்பில் தோன்றுவது. இந்திய மொழியில் ஒரே விதமாக எழுதப்படும் பெயர் ஆங்கில எழுத்தில் பல வடிவங்களைப் பெறுகிறது. அதனை எழுதுபவர் பெரும்பாலும் பெயருக்குரியவரல்லர். பள்ளி எழுத்தரோ, முகாமில் கணினியில் பதிவு செய்பவரோ எழுதுகின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அதனைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. திருமணத்தின் பின் கணவர் பெயர் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பிறந்த வீட்டில் பெற்ற ஆவணங்களில் ஒரு பெயரும், புகுந்த வீட்டில் பெற்றவற்றில் மற்றொரு பெயரும் காணப்படும்.

தாய், தந்தையர் பெயரும் மாறிவரும் சமுதாயமும்

தந்தையின் பெயர் இன்றி அடையாளம் இல்லை என்ற கருத்து நெடுங்காலம் அலுவலகங்களில் வேரூன்றி இருந்தது. கணவரால் கைவிடப்பட்ட பெண் தன் குழந்தைக்குப் பாஸ்போர்ட் கேட்டுச் சென்றால், காணாமற்போன கணவரின் பெயரையோ ஒப்புதலையோ கொணருமாறு கேட்கப்பட்டாள். தனித்து வாழும் தாய் ஒருவரின் மகள் தொடர்பான வழக்கில், தாயின் பெயரே போதுமானது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 மே மாதத்தில் தீர்ப்பளித்தது.

அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த விதித் தளர்வுகள் இத்திசையில் பெரிய அடியாகும். தாய், தந்தை, சட்டப்படியான காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயரைக் குறித்தால் போதும். மணவிலக்குப் பெற்றவரும் பிரிந்து வாழ்பவரும் கணவன் அல்லது மனைவியின் பெயரைத் தர வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை. பெற்றோரை இழந்து விடுதியில் வளர்ந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்று இல்லாவிடில், விடுதித் தலைவரின் எழுத்து மூலமான உறுதிமொழி ஏற்கப்படும். துறவிகள் பெற்றோர் பெயருக்குப் பதிலாகத் தம் குருவின் பெயரைத் தரலாம். ஆயின் அப்பெயர் காணப்படும் பொது ஆவணம் ஒன்றேனும் காட்டப்பட வேண்டும். இணைப்புப் படிவங்களின் எண்ணிக்கை 15-லிருந்து 9 ஆகக் குறைக்கப்பட்டது. அவற்றுக்கு நோட்டரியின் முத்திரை வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் தாமே கையொப்பமிட்டுத் தந்தால் போதும்.

தட்கல் முறையில் விரைவாகப் பாஸ்போர்ட் கேட்போர் உயர் பதவியில் உள்ள அதிகாரி ஒருவரின் சரிபார்ப்புச் சான்றிதழைக் கொணர வேண்டும் என்ற விதியும் ஒரு காலத்தில் இருந்தது. அத்தகைய அதிகாரியை அறிந்தவர்களுக்கு அது எளிது. கிராமத்துக் கொத்தனாருக்கு இயலாத காரியம். அவ்விதி கைவிடப்பட்டு, அதனிடத்தில் ஆவணங்கள் ஏற்கப்படுவது சமத்துவத்திற்கு உகந்த மாறுதலாகும்.

சேவை மையத்தில் நிகழ்வது

2010-ஆம் ஆண்டில் பெங்களூரிலும் சண்டீகரிலும் சோதனை முறையில் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டத்தின் கீழ், 2012-ஆம் ஆண்டிற்குள் 77 சேவை மையங்கள் நிறுவப்பட்டன. 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் அஞ்சலக மையங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் நாடெங்கும் அவை பரவியதால் சிற்றூர் மக்களின் பயணத் தொலைவு குறைந்தது.

மையத்தில் விண்ணப்பதாரர் மூன்று கட்டங்களைக் கடக்கிறார். முதற்கட்டத்தில் ஆவணங்கள் கணினியில் ஏற்றப்படுகின்றன. புகைப்படமும் கைரேகைகளும் எடுக்கப்படுகின்றன. இதனைச் செய்வோர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். இரண்டாம் கட்டத்தில் அரசு அலுவலர் ஒருவர் மூல ஆவணங்களைச் சரிபார்க்கிறார். மூன்றாம் கட்டத்தில் வழங்கும் அதிகாரி முடிவு செய்கிறார். சரிபார்ப்பதும் முடிவெடுப்பதும் அரசின் கையிலேயே இருப்பது இவ்வமைப்பின் முக்கியக் கூறு. முதற்கட்டத்தில் பதியப்பட்ட விவரங்களைத் திரையிலேயே பார்த்துப் பிழை இருப்பின் அப்பொழுதே திருத்திக் கொள்ளுதல் விண்ணப்பதாரரின் பொறுப்பு. அச்சான பின் திருத்துவதற்கு மீண்டும் விண்ணப்பிக்க நேரிடும்.

புதிதாக விண்ணப்பிப்போருக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை உண்டு. விண்ணப்பதாரர் குறித்த முகவரியில் வசிக்கிறாரா, குடியுரிமையில் ஐயம் உண்டா, குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பவையே விசாரணைக்கு உரியவை. சில நேர்வுகளில் பாஸ்போர்ட் வழங்கிய பின்னரும் இவ்விசாரணை நடைபெறுகிறது.

பொய்யும் மறுப்பும்

தெரிந்தே பொய்யான தகவல் தந்தோ, முக்கியமான தகவலை மறைத்தோ பாஸ்போர்ட் பெற முயல்வது சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றமாகும். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குடிமகன் அல்லாதவர் அதனை மறைத்து விண்ணப்பித்தால் தண்டனை ஓராண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும், 10,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். இந்தக் கடுமை 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. தரகரிடம் பணம் கொடுத்து வயதைக் கூட்டிப் போலிச் சான்று பெறும் இளைஞர் இதனை அறிந்திருப்பதில்லை. வழக்கு வரும் பொழுது கையொப்பமிட்டவர் அவர், தரகர் அல்லர்.

அதே சட்டம் விண்ணப்பதாரருக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பாஸ்போர்ட்டை மறுத்தால் அதற்கான காரணத்தை அதிகாரி சுருக்கமாக எழுத்தில் பதிய வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, அயலுறவு போன்ற காரணங்கள் குறுக்கிட்டாலன்றி, விண்ணப்பதாரர் கேட்கும் பொழுது அதன் நகலைத் தர வேண்டும் என்று 5-ஆவது பிரிவு கூறுகிறது. 11-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. ஜன்னலில் வாய்மொழியாக இல்லை என்று சொல்லப்படுவதை இறுதி முடிவாகக் கொண்டு திரும்பி விடுவோர், சட்டம் தந்த பாதுகாப்பை அறியாமையால் இழக்கின்றனர்.

செய்ய வேண்டியவை

அரசு எவருடைய உள்ளத்தையும் பார்த்து அடையாளம் காண இயலாது. பதிவேடுகளையே பார்க்க இயலும். பல பதிவேடுகள் ஒரே செய்தியைக் கூறும் பொழுது அடையாளம் உறுதியாகிறது. ஆனால் அந்தப் பதிவேடுகளை எழுதியவை அரசின் கீழும் அரசின் அங்கீகாரத்தின் கீழும் இயங்கும் அலுவலகங்களே. அங்கே நேர்ந்த எழுத்துப் பிழைக்குக் குடிமகன் மட்டும் பொறுப்பேற்பது நியாயமாகாது. ஐயத்திற்குரிய முரண்பாட்டையும் எழுத்தரின் கைத்தவறையும் பிரித்தறிவதே சரிபார்க்கும் அலுவலரின் திறமைக்கு உரைகல். பிறந்த ஆண்டு மாறியிருப்பது விசாரிக்கத் தக்கது. பெயரின் இறுதியில் ஓர் எழுத்துக் கூடியிருப்பது திருத்தத் தக்கது. எந்த ஆவணத்தில், எந்த அலுவலகத்தில், எதனைத் திருத்தி வர வேண்டும் என்பதை எழுதித் தந்தால் விண்ணப்பதாரர் மூன்று முறை வருவதற்குப் பதில் ஒரு முறை வந்தால் போதும்.

குடிமக்களின் பங்கும் சிறிதன்று. குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிதல், பெயரை விரைவில் சேர்த்தல், அப்பெயரின் ஆங்கில எழுத்து வடிவத்தை ஒரு முறை முடிவு செய்து எல்லா ஆவணங்களிலும் அதனையே எழுதச் செய்தல், பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலில் பெயர் அனுப்பப்படும் பொழுது சரிபார்த்தல் ஆகியவை செலவற்ற முன்னேற்பாடுகள். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் தம் ஊரில் இதனை எடுத்துரைத்தால் பலரது அலைச்சலைத் தவிர்க்கலாம். பயணம் உறுதியான பின் ஆவணங்களைத் தேடுவதை விட, பயணம் பற்றிய எண்ணம் எழுமுன்னரே அவற்றை ஒப்பிட்டுச் சீர் செய்து வைப்பதே சிறந்தது.